சாந்தோமுக்கு தோமையார் வந்தாரா? ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியை எப்படி விசாரிக்கிறார்கள்?

மெரினாவில் இருந்து பட்டினப்பாக்கம் பக்கம் போகிறவர்கள் யாரும் சாந்தோம் பேராலயத்தின் வெள்ளைக் கோபுரத்தைப் பார்க்காமல் கடக்க முடியாது. இயேசுவின் 12 சீடர்களில் ஒருவரான புனித தோமையாரின் கல்லறை மீது எழுப்பப்பட்ட ஆலயம் என்பது அதன் பெருமை. 'சாந்தோம்' என்ற பெயரே போர்த்துகீசியர்கள் அவரை அழைத்த 'சான் தோமே'தான்.

ஒவ்வொரு வருஷமும் ஜூலை 3, தோமையார் திருநாள் நெருங்கும்போது வாட்ஸ்அப்பில் இரண்டு வகை ஃபார்வர்டுகள் சுற்றும். 'கி.பி. 52-ல் வந்தார், 72-ல் இங்கேயே கொல்லப்பட்டார், ஆதாரம் இருக்கு' என்பது ஒன்று. 'அப்படி ஒருவர் வரவே இல்லை, எல்லாம் கட்டுக்கதை, ஆதாரம் இருக்கு' என்பது இன்னொன்று. இரண்டு பேரும் ஆதாரம் இருப்பதாகத்தான் சொல்கிறார்கள்.

அப்படியானால் ஆதாரம் என்றால் என்ன? ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தால் எங்கிருந்து தொடங்குவார்? நம்பிக்கை சரியா தவறா என்பது இங்கே பேச்சு இல்லை. அதை யாரும் ஆய்வுக்கூடத்தில் வைத்து அளக்க முடியாது. விசாரணை எப்படி நடக்கிறது என்பதை மட்டும் பார்க்கலாம்.

முதல் வேலை: கேள்வியை உடைப்பது

'தோமையார் சென்னைக்கு வந்தாரா?' என்பது பார்க்க ஒரே கேள்வி மாதிரி இருக்கும். உண்மையில் அதற்குள் குறைந்தது ஐந்து கேள்விகள் இருக்கின்றன. அவர் 'இந்தியா'வுக்கு வந்தாரா? அந்த 'இந்தியா' எது? தென்னிந்தியாவுக்கு வந்தாரா? மயிலாப்பூரில் இறந்தாரா? இப்போது காட்டப்படும் கல்லறை அவருடையதுதானா?

ஒன்றுக்கு 'ஆம்' என்று பதில் கிடைத்தால் மற்றதற்கும் 'ஆம்' ஆகிவிடாது. ஃபார்வர்டுகளில் நடப்பது பெரும்பாலும் இதுதான். முதல் கேள்விக்குக் கிடைத்த சான்றைக் காட்டி ஐந்தாவது கேள்வியில் ஜெயித்துவிடுவார்கள்.

ஆறாவதாக இன்னொரு கேள்வியும் உண்டு: 'மயிலாப்பூர் பக்கம் தோமையாரின் கல்லறை இருக்கிறது என்று மக்கள் எப்போதிலிருந்து சொல்லி வருகிறார்கள்?' முதல் ஐந்தை விட இதற்குத்தான் தெளிவாகப் பதில் தேட முடியும். அனுபவமுள்ள ஆய்வாளர்கள் பெரும்பாலும் இந்த மாதிரி கேள்வியில்தான் கை வைப்பார்கள்.

இருப்பதிலேயே பழைய நூல் எது?

அடுத்தது, இதுவரை யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடுவது. தேடி எடுத்ததை எல்லாம் எழுதப்பட்ட கால வரிசையில் அடுக்க வேண்டும். சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் காலமும், அதை ஒருவர் எழுதி வைத்த காலமும் வேறு வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் ஆய்வாளர் முதலில் பார்க்கும் விஷயம்.

தோமையாரின் இந்தியப் பயணத்தை விரிவாகச் சொல்லும் பழைய நூல் 'தோமாவின் பணிகள்'. கி.பி. 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய துருக்கியில் உள்ள எதெஸ்ஸா என்ற ஊரில் சிரியாக் மொழியில் எழுதப்பட்டதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதாவது சம்பவத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் சுமார் 150 ஆண்டுகள். அந்த நூலில் மயிலாப்பூர் என்ற பெயரும் கிடையாது, கி.பி. 52 என்ற ஆண்டும் கிடையாது.

இருப்பது வேறொரு பெயர்: குந்தபார் என்ற இந்திய அரசன். தோமையார் தச்சராக அவனிடம் வேலைக்கு வந்தார் என்கிறது கதை. நீண்ட காலம் இந்த அரசனையே கற்பனைப் பாத்திரம் என்று பலர் நினைத்தார்கள். வரலாற்றில் அப்படி ஒரு பெயரை யாருக்கும் தெரியாது.

1830களில் நிலைமை மாறியது. ஆப்கானிஸ்தான், பஞ்சாப் பகுதிகளில் பழைய நாணயங்கள் குவியல் குவியலாகக் கிடைத்தன. அவற்றில் கிரேக்க எழுத்திலும் கரோஷ்டி எழுத்திலும் ஒரே பெயர் இருந்தது: கோண்டோபரஸ். இன்றைய பாகிஸ்தானில் உள்ள தக்த்-இ-பாஹி என்ற இடத்தில் கிடைத்த கல்வெட்டும் அதே பெயரைச் சொன்னது. அவன் காலம் கி.பி. முதல் நூற்றாண்டு என்று பெரும்பாலோர் கணித்தார்கள். கதையில் வந்த ராஜா நிஜமாகவே ராஜா!

நாணயம் எதை நிரூபித்தது என்று இங்கே கவனமாகப் பார்க்க வேண்டும். அரசன் இருந்தான் என்பதை நிரூபித்தது. நூலை எழுதியவருக்கு அந்தப் பகுதியைப் பற்றி ஏதோ உண்மையான தகவல் எட்டியிருக்கிறது என்பதைக் காட்டியது. அந்த அரசனை தோமையார் சந்தித்தார் என்பதை அது நிரூபிக்கவில்லை. எம்.ஜி.ஆர். வரும் ஒரு நாவலில் எம்.ஜி.ஆர். நிஜம் என்பதால் கதாநாயகனும் நிஜம் ஆகிவிட மாட்டார் அல்லவா, அது மாதிரி. இன்னொரு சிக்கல், கோண்டோபரஸின் ஆட்சி வடமேற்கு எல்லையில். மயிலாப்பூர் அங்கிருந்து எவ்வளவு தூரம்!

அந்தக் காலத்து மேற்கத்திய நூல்களில் 'இந்தியா' என்ற சொல்லே ரப்பர் மாதிரி. சில நேரம் தெற்கு அரேபியாவையும் எத்தியோப்பியாவையும் கூட அந்தப் பெயரால் குறித்தார்கள். பழைய சொல்லுக்கு இன்றைய அர்த்தத்தை மாட்டுவது, ஆய்வு மாணவர்கள் முதல் வருஷத்தில் செய்யும் வழக்கமான தவறு.

சரி, முதல் நூற்றாண்டில் ஒருவர் மத்திய கிழக்கில் இருந்து தமிழகக் கடற்கரைக்கு வந்திருக்கவே முடியாதா? தாராளமாக முடியும். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு, ரோமானிய வணிகத் தொடர்பைத் தெளிவாகக் காட்டியது. 2-ஆம் நூற்றாண்டு கிரேக்கப் புவியியலாளர் தாலமி குறிப்பிடும் 'மலியார்பா' என்ற துறைமுகம் மயிலாப்பூர்தான் என்று பலர் கருதுகிறார்கள். கப்பல் வந்தது, ஆட்கள் வந்தார்கள். ஆனால் 'வந்திருக்க முடியும்' என்பது ஒரு வாக்கியம், 'வந்தார்' என்பது வேறு வாக்கியம்.

ஒரே ஆளுக்கு மூன்று மரணம்

ஒரு விபத்தைப் பற்றி மூன்று சாட்சிகள் மூன்று விதமாகச் சொன்னால் போலீஸ் என்ன செய்யும்? வரலாற்று ஆய்வாளரும் அதைத்தான் செய்கிறார்.

'தோமாவின் பணிகள்' சொல்வது: மஸ்தாய் என்ற அரசனின் உத்தரவுப்படி, ஒரு மலையில் படைவீரர்கள் ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். பிறகு அவருடைய எலும்புகளை ஒருவர் ரகசியமாக மேற்கே எடுத்துப் போய்விட்டார். அரசன் கல்லறையைத் திறந்தபோது எலும்பு இல்லை, மண்தான் இருந்தது.

மார்க்கோ போலோ சொல்வது வேறு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கடற்கரைப் பக்கம் வந்த அவர், 1298-ல் ஜெனோவா சிறையில் இருந்தபடி தன் பயணக் கதையைச் சொல்லி எழுத வைத்தார். தோமையார் காட்டில் தனியாகப் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தார், சுற்றிலும் நிறைய மயில்கள், மயிலுக்குக் குறி வைத்த ஒரு வேட்டைக்காரனின் அம்பு தவறி அவர் மேல் பாய்ந்தது என்கிறார். இது கொலையே இல்லை, விபத்து. மயிலாப்பூருக்கு மயில் கதை எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! அந்தப் பொருத்தமே ஆய்வாளரைக் கொஞ்சம் உஷாராக்கும். ஊர்ப் பெயரில் இருந்து கதை பிறப்பது உலகம் முழுக்க நடக்கிற விஷயம். ஆனால் மார்க்கோ போலோ ஊரின் பெயரைச் சொல்லவில்லை. மக்கள் அதிகம் இல்லாத ஒரு சிறு ஊர் என்று மட்டும் சொல்கிறார்.

மூன்றாவது, போர்த்துகீசியர் காலத்தில் இங்கே வழங்கிய கதை. பறங்கிமலை உச்சியில் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தவரை எதிரி ஒருவன் பின்னால் இருந்து குத்திக் கொன்றான் என்பது.

இவற்றில் எது உண்மை என்று தேர்ந்தெடுப்பது ஆய்வாளரின் அவசர வேலை அல்ல. மூன்று கதைகளும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டதா, தனித்தனியாக வந்தவையா என்பதுதான் அவர் பார்ப்பது. ஒரே மூலத்தில் இருந்து நூறு பேர் காப்பி அடித்தாலும் அது ஒரு சாட்சிதான். வைரல் ஆன பதிவும் அப்படித்தான்.

மார்க்கோ போலோவின் குறிப்பில் இன்னொரு விஷயம் இருக்கிறது. புனிதர் இறந்த இடத்து மண்ணைக் கொண்டுபோய் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுக்கிறார்கள் என்கிறார். ஆக, 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இந்தக் கடற்கரையில் ஒரு கல்லறையும் அதற்கு யாத்திரையும் இருந்திருக்கின்றன. போர்த்துகீசியர்கள் இந்தியாவுக்கு வருவதற்கு 200 ஆண்டுகள் முன்பே! 'எல்லாம் போர்த்துகீசியர் கிளப்பிவிட்டது' என்ற ஃபார்வர்டு இந்த இடத்தில் அடிபடுகிறது. ஆறாவது கேள்விக்கு ஓரளவு பதிலும் கிடைக்கிறது.

1523-ல் தோண்டியபோது

போர்த்துகீசியர்கள் 1523-ல் அந்த இடத்தைத் தோண்டினார்கள். எலும்புகள், ஓர் ஈட்டி முனை, மண் நிறைந்த ஒரு பானை கிடைத்ததாகப் பதிவு இருக்கிறது. பத்து ஆண்டுகள் கழித்து, 1533-ல் சாட்சிகளை விசாரித்து வாக்குமூலமும் வாங்கினார்கள்.

அந்தக் காலத்துக்கு அது பெரிய முயற்சி. இன்றைய தொல்லியலாளர் இதே குழியைத் தோண்டினால் கேட்கும் கேள்விகள் வேறு. எந்த மண் அடுக்கில் எந்தப் பொருள் இருந்தது? கூடவே கிடைத்த பானை ஓடு எந்தக் காலத்தது? தோண்டும்போதே யார் குறிப்பு எடுத்தது? கீழடியில் குழிகளைச் சதுரம் சதுரமாக அளந்து, அங்குலம் அங்குலமாக இறங்கியதற்குக் காரணம் இதுதான். பொருளை வெளியே எடுத்துவிட்டால் அது இருந்த இடத்தைத் திரும்ப உருவாக்க முடியாது. தோண்டுவது என்பது ஒரே ஒரு முறை படிக்கக் கிடைக்கும் புத்தகம், படிக்கும்போதே பக்கம் கிழிந்துவிடும்.

1523-ல் தோண்டியவர்களுக்கு இன்னொரு பிரச்சனையும் உண்டு. என்ன கிடைக்கப் போகிறது என்று அவர்களுக்கு முன்பே தெரியும், அல்லது தெரியும் என்று நம்பினார்கள்.

தோமையாரின் எலும்புகள் எதெஸ்ஸாவுக்குக் கொண்டுவரப்பட்டதாக 4-ஆம் நூற்றாண்டிலேயே சிரிய கவிஞர் எப்ரேம் பாடியிருக்கிறார். அவை அங்கிருந்து கியோஸ் தீவு வழியாக 1258-ல் இத்தாலியின் ஓர்தோனா நகரத்துக்குப் போனதாக அந்த ஊர் சொல்கிறது. இன்றும் ஓர்தோனாவில் தோமையார் பெயரில் பேராலயம் இருக்கிறது. இப்படி எதிர்ப்பக்கம் நிற்கும் சான்றையும் அதே தாளில் எழுதி வைப்பதுதான் ஆய்வு.

இப்போது நிற்கும் ஆலயம் ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்டு 1896-ல் திறக்கப்பட்டது. கட்டடத்தின் வயதை வைத்து கல்லறையின் வயதைச் சொல்ல முடியாது.

படிக்கத் தெரியாத கல்வெட்டு

பறங்கிமலையில் 1547-ல் ஆலயத்துக்கு அடித்தளம் தோண்டியபோது ஒரு கற்சிலுவை கிடைத்தது. அதைச் சுற்றி யாருக்கும் புரியாத எழுத்துகள். போர்த்துகீசியர்கள் உள்ளூர் பண்டிதர் ஒருவரை அழைத்து வந்து படிக்கச் சொன்னார்கள். அவரும் படித்தார்! தோமையாரின் வாழ்க்கையையும் மரணத்தையும் நீளமான கதையாகச் சொன்னார். கேட்டவர்களுக்கு ரொம்ப சந்தோஷம்.

சுமார் 300 ஆண்டுகளுக்குப் பிறகு, 1870களில் ஆர்தர் பர்னெல் என்ற அதிகாரி அந்த எழுத்து பஹ்லவி, அதாவது பழைய பாரசீக எழுத்து என்று கண்டுபிடித்தார். கல்வெட்டில் இருப்பது ஓரிரு வாக்கியம்தான். பண்டிதர் சொன்ன கதைக்கு அந்தக் கல்லில் இடமே இல்லை.

பர்னெல் படித்ததோடு வேலை முடியவில்லை. அவருக்குப் பின் வந்தவர்கள் அவருடைய வாசிப்பைத் திருத்தினார்கள், அவர்களை அடுத்தவர்கள் திருத்தினார்கள். கேரளாவின் கோட்டயத்தில் அதே வாசகத்தோடு இன்னொரு சிலுவை இருந்ததால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட முடிந்தது. 2002-ல் கூட கார்லோ செரெட்டி உள்ளிட்ட மூவர் புதிதாகப் படித்துக் கட்டுரை வெளியிட்டார்கள். சிலுவையைச் செய்தவருக்காக இறைவனிடம் இரக்கம் வேண்டும் சிறு பிரார்த்தனை என்பதே பிந்தைய வாசிப்புகளின் சாரம். தோமையார் பெயர் அதில் இல்லை.

அப்படியானால் சிலுவை வீணா? இல்லவே இல்லை. பாரசீகத் தொடர்புள்ள கிறிஸ்தவர்கள் இந்தக் கடற்கரையில் போர்த்துகீசியருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வாழ்ந்தார்கள் என்பதற்கு அது கல்லில் செதுக்கிய சாட்சி. கேட்ட கேள்விக்குப் பதில் தராத சான்று, யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் தந்தது.

பழுப்புத் தாளும் 13 லட்சமும்

இதே ஊரில், கிட்டத்தட்ட நம் காலத்தில், 'ஆய்வு' என்ற பெயரில் நடந்த ஒரு மோசடியும் உண்டு.

திருவள்ளுவர் மயிலாப்பூரில் பிறந்தவர் என்பது மரபு. தோமையார் மயிலாப்பூரில் இருந்தார் என்பது இன்னொரு மரபு. இருவரும் சந்தித்திருந்தால்? 1970களில் தமிழ்நாட்டில் இது புத்தகங்களிலும் மேடைகளிலும் சூடாக விவாதிக்கப்பட்டது. அப்போது சென்னை - மயிலை பேராயராக இருந்த அருளப்பா, தமிழறிஞரும் கூட. அவரிடம் ஒருவர் வந்தார். இருவரும் சந்தித்ததற்கு ஓலைச்சுவடிகளும் செப்பேடுகளும் இருப்பதாகவும், ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும் என்றும் சொன்னார். பல தவணைகளாகக் கொடுக்கப்பட்ட தொகை 13 லட்சம் ரூபாயைத் தாண்டியது. அந்தக் காலத்து 13 லட்சம்!

அவர் கொண்டுவந்து கொடுத்தது எல்லாம் போட்டோக்கள். அசலைக் காட்டச் சொன்னால், அது தொல்லியல் துறையிலும் அருங்காட்சியகங்களிலும் பாதுகாப்பாக இருப்பதாகச் சொன்னார். கடைசியில் விஷயம் போலீசுக்குப் போனது. 1980-ல் அவர் கைது செய்யப்பட்டார். பழுப்புத் தாளை ஓலை மாதிரி நறுக்கி, அதில் எழுதி, போட்டோ எடுத்திருக்கிறார் என்பது தெரியவந்தது. 1986-ல் நீதிமன்றம் அவருக்கு 10 மாத சிறைத்தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டு இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி இதழ் இதை விரிவாக எழுதியது.

ஏமாந்தவர் படிக்காதவர் இல்லை. நல்ல தமிழ்ப் புலமை உள்ளவர். அதனால்தான் இந்தச் சம்பவம் ஆய்வு முறை பற்றிப் பேசும்போது முக்கியமாகிறது. எந்த இடத்தில் இதைத் தடுத்திருக்கலாம்?

சுவடித்துறை மாணவர் ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் முதல் நாளே ஒரு கேள்வி வந்திருக்கும்: 'எந்த எழுத்தில் இருக்கு?' கி.பி. முதல் நூற்றாண்டில் தமிழ் எழுதப்பட்டது தமிழ் பிராமியில். அடுத்து ஓலையின் வயது. நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் பூச்சிக்கும் ஓர் ஓலைச்சுவடி பொதுவாகச் சில நூறு ஆண்டுகளுக்கு மேல் தாங்காது. சங்க நூல்களே பிரதிக்குப் பிரதி எடுத்துத்தான் உ.வே.சாமிநாதையர் கை வரை வந்தன. எனவே 'முதல் நூற்றாண்டு ஓலை' என்று யாராவது சொன்னாலே சந்தேகம் வர வேண்டும்.

மூன்றாவது, எல்லாவற்றையும் விடச் சாதாரணமான கேள்வி: 'இது எங்கே கிடைத்தது, யார் கையில் இருந்து யார் கைக்கு வந்தது, பதிவு எண் என்ன?' அருங்காட்சியகத்தில் இருக்கும் எந்தப் பொருளுக்கும் பதிவு எண் உண்டு. அந்த எண்ணைச் சொன்னால் வேறொரு ஆய்வாளர் நேரில் போய் அதே பொருளைப் பார்க்கலாம். ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்குறிப்பு எதற்கு என்று பலர் சலித்துக்கொள்வது உண்டு. 'என்னை நம்ப வேண்டாம், நீங்களே போய்ப் பாருங்கள்' என்று சொல்லும் இடம்தான் அடிக்குறிப்பு. அந்தப் போட்டோக்களுக்கு அடிக்குறிப்பு இல்லை.

இன்னொன்று, திருவள்ளுவரின் காலமே ஆய்வாளர்கள் மத்தியில் முடிவாகவில்லை. தமிழக அரசு திருவள்ளுவர் ஆண்டைக் கி.மு. 31-ல் இருந்து கணக்கிடுகிறது. வையாபுரிப்பிள்ளை போன்றவர்கள் திருக்குறளைப் பல நூற்றாண்டுகள் தள்ளி வைத்தார்கள். காலமே உறுதியாகாத இருவரைச் சந்திக்க வைப்பது, தேதி குறிக்காமல் கல்யாணப் பத்திரிகை அடிப்பது மாதிரி.

கபாலீஸ்வரர் கேள்விக்கும் இதே விதிதான்

பழைய கபாலீஸ்வரர் கோயில் கடற்கரையில், இப்போது சாந்தோம் ஆலயம் உள்ள இடத்தில் இருந்தது என்ற பேச்சும் அடிக்கடி எழுகிறது. பழைய பக்திப் பாடல்கள் மயிலைக் கோயிலைக் கடலோடு சேர்த்துப் பேசுகின்றன. சாந்தோம் பகுதியில் சோழர் காலக் கல்வெட்டுத் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. இவை புறந்தள்ளக் கூடிய சான்றுகள் அல்ல.

ஆனால் கல் கிடைத்த இடமும் கல் முதலில் நின்ற இடமும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை. பழைய கட்டடக் கற்களை எடுத்துப் புதிய கட்டடத்தில் வைப்பது எல்லாக் காலத்திலும் நடந்தது. கடற்கரையில் கோயில் இருந்தது என்பது ஒரு கேள்வி. சரியாக எந்த இடத்தில், எப்போது, எப்படி மறைந்தது என்பவை தனித்தனிக் கேள்விகள். தோமையாருக்கு ஒரு அளவுகோல், கபாலீஸ்வரருக்கு ஒரு அளவுகோல் என்று வைத்துக்கொண்டால் அது ஆய்வு இல்லை, கட்சி.

எழுதி முடித்த பிறகு

ஆய்வாளர் தன் கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்புகிறார். ஆசிரியர் குழு அதை அதே துறை தெரிந்த வேறு சிலருக்கு அனுப்பும். பெரும்பாலும் எழுதியவர் யார் என்பதோ படிப்பவர் யார் என்பதோ மறைக்கப்பட்டிருக்கும். 'இந்த இடத்தில் சான்று போதாது', 'இந்த நூலைப் பார்க்கவில்லையே' என்று குறிப்புகள் வரும். திருத்த மாதக்கணக்கில் ஆகலாம். நிராகரிக்கவும் படலாம். இதைத் தாண்டி வெளிவந்த கட்டுரையும் தவறாக இருக்கலாம் என்பதற்கு பறங்கிமலைச் சிலுவையின் வாசிப்பு வரலாறே உதாரணம். வித்தியாசம் என்னவென்றால், அடுத்தவர் திருத்துவதற்கு வழி அங்கே திறந்தே இருக்கும்.

2006 செப்டம்பரில் போப் 16-ஆம் பெனடிக்ட் ஆற்றிய ஓர் உரையில், தோமையார் சிரியா, பாரசீகம் வழியாக மேற்கு இந்தியா வரை சென்றார், அங்கிருந்து கிறிஸ்தவம் தென்னிந்தியாவை அடைந்தது என்ற பொருளில் குறிப்பிட்டார். கேரளக் கிறிஸ்தவர்கள் மத்தியில் அது பெரிய சலசலப்பை ஏற்படுத்தியது. திருச்சபைக்கு உள்ளேயே கூட இந்தக் கேள்வி ஒரே பதிலோடு இல்லை.

இன்றைய நிலவரம் இதுதான்: தோமையார் மயிலாப்பூருக்கு வந்தார் என்பதற்கு முதல் நூற்றாண்டைச் சேர்ந்த நேரடிச் சான்று எதுவும் இல்லை. வரவில்லை என்பதற்கும் நிரூபணம் இல்லை. இந்தக் கடற்கரையில் பாரசீகத் தொடர்புள்ள பழைய கிறிஸ்தவக் குடியிருப்பும், குறைந்தது 700 ஆண்டுகளாகத் தொடரும் கல்லறை மரபும் இருப்பது உறுதி.

இதைத் தாங்களே தேடிப் பார்க்க நினைப்பவர்களுக்குச் சென்னையிலேயே இடங்கள் இருக்கின்றன. எழும்பூரில் கன்னிமாரா நூலகமும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகமும் உள்ளன. சாந்தோம் ஆலய வளாகத்தில் ஓர் அருங்காட்சியகம் உண்டு. பஹ்லவி எழுத்துள்ள அந்தக் கற்சிலுவை, பறங்கிமலை உச்சியில் உள்ள ஆலயத்தின் பீடத்துக்கு மேலே இன்றும் இருக்கிறது.